பாக்கியலட்சுமியின் எண்ணெய்த் தொட்டி

மரக்காணத்தில் பாக்கியலட்சுமி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீன் இல்லாத மீன் தொட்டி வைத்திருக்கிற வீடு எது என்று கேட்டால், உப்பளத்துக்குப் போகும் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். அந்தத் தொட்டியில் தண்ணீர் கிடையாது. முப்பது லிட்டர் எண்ணெய். எண்ணெய்க்குள் முழுகியபடி ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் அந்த வீடு நடக்கிறது.

நான் அங்கே நாலு வருஷமாகப் போகிறேன். கம்ப்யூட்டருக்காக அல்ல, அவள் கணவர் ராஜவேலுக்காக. லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போது மேலிருந்து விழுந்து அவருக்கு முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தவள். ஞாயிறு தவிர தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்புவேன். குளிப்பாட்டுவது, மலச்சிக்கல் பார்ப்பது, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று தினம் தடவிப் பார்ப்பது என் வேலை. மற்ற நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது பாக்கியலட்சுமி வேலை. இரண்டு மணி என்றால் இரண்டு மணி. மூன்று மணியாக விட்டால் தோல் சிவக்கும், ஆறு மணியாக விட்டால் புண்ணாகும். அந்தப் புண்ணால் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாக்கியலட்சுமிக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. அப்பா உப்பளத்தில் பாத்தி மிதித்தவர், அம்மா உப்பு சுமந்தவர். இவள் பன்னிரண்டாவது முடித்துத் திண்டிவனத்தில் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடப் படித்தாள். புதுச்சேரியில் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் வேலை. பதினாலு வருஷம் ஈ.சி.ஆர். பஸ்ஸில் போய் வந்தாள். போகும்போதும் வரும்போதும் கடல் பக்க ஜன்னலில் உட்கார மாட்டாளாம். "உப்புக் காத்து அடிச்சா முடி கயிறு மாதிரி ஆயிடும் சிஸ்டர்" என்பாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் விஷயத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவாள். எனக்கு அது பிடிக்கும்.

அவள் போடும் படம் சாதாரண வரைபடம் இல்லை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி காட்டும் படம். கதவைத் திறந்து உள்ளே நடந்து போகிற மாதிரி வீடியோவே செய்வாள். வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்த மணிக்கு விழும் என்பது வரை அதில் தெரியும். ஒரு நொடி வீடியோவுக்கு இருபத்தைந்து படம் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் தானாகத் தீட்டி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே வேலை வந்தால் கம்ப்யூட்டர் நாலு நாள், ஐந்து நாள் நிற்காமல் ஓட வேண்டும். அது சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல. ஓடினால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாகும்.

ராஜவேல் விழுந்ததும் ஆபீஸ் வேலையை விட்டாள். அந்த ஆபீசை அப்போது கலையரசன் என்ற இளவயது ஆள் எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தார். "வீட்லேர்ந்தே செஞ்சு குடுங்கக்கா" என்று வேலையை அனுப்பினார். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினாள். ராஜவேல் படுத்திருக்கும் அறையிலேயே, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தாள். அந்தப் பக்கம் திரும்பினால் படம், இந்தப் பக்கம் திரும்பினால் புருஷன்.

முதல் கம்ப்யூட்டர் எட்டு மாதம் ஓடியது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த மதர்போர்டு பலகை முழுக்கப் பச்சைத் துரு பூத்திருந்தது. இரண்டாவது பலகை ஆறு மாதம். மூன்றாவது ஐந்தே மாதம். புதுச்சேரியில் ரிப்பேர் பார்க்கும் பையன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கம்ப்யூட்டருக்கு உப்பு போட்டுக் கருவாடு ஆக்கிட்டீங்களா?" என்று கேட்டானாம். அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி மூன்று வருஷம் தாங்காது. கம்ப்யூட்டருக்குள் சூட்டைத் தணிக்க நாலு மின்விசிறி இருக்கிறது. அது வெளிக்காற்றை உள்ளே இழுத்து விடுகிறது. காற்றோடு உப்பும் ஈரமும் போகிறது. ஏ.சி. போட்டு அறையை அடைத்து வையுங்கள் என்றான் அந்தப் பையன். படுக்கை நோயாளி இருக்கும் அறையை நாள் முழுக்க அடைத்து வைக்க நான் விட மாட்டேன். மூன்று தடவை வேலை பாதியில் நின்றதும் கலையரசனுக்கு அலுத்துவிட்டது.

"அக்கா, நீங்க நல்லா செய்றீங்க. ஆனா உங்க ஊரு காத்து எனக்கு ஆவாது. இங்கயே ஒரு சீட்டு போட்டுத் தர்றேன், ஆபீசுக்கே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆபீசுக்குப் போவதென்றால் காலை எட்டு மணிக்கு பஸ் ஏறி இரவுதான் திரும்ப முடியும். என்னுடைய இரண்டு மணி நேரம் போக, மற்ற நேரத்தில் ராஜவேலைப் புரட்ட ஆள் இல்லை. வேலைக்குப் போனால் அவர் முதுகு போகும். போகாவிட்டால் வேலை போகும். இதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. கேரட் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அந்த வாரம் தெருக் கம்பத்தில் ஏதோ பழுது என்று லைன்மேன் தெய்வசிகாமணி வந்திருந்தார். உப்பளத்து மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். பாக்கியலட்சுமி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது எத்தினி வருஷமா அங்க நிக்குது?"

"எனக்கு முன்னாடியே நிக்குது. இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"உப்பு புடிக்கல?"

"வெளித்தோல்தான் துரு. உள்ள ஒண்ணும் ஆவல. எண்ணெய்ல முங்கிக் கெடக்குதும்மா. காத்தே படாத எடத்துல உப்பு எங்கேர்ந்து வரும்?"

"சூடு?"

"சூட்டையும் அந்த எண்ணெய்தான் வாங்கிட்டு வந்து வெளியில தள்ளுது. பக்கத்துல ரெக்கை ரெக்கையா இருக்குதே, அது எதுக்குன்னு நெனச்ச? அழகுக்கா?"

அவள் உள்ளே வந்து உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். வெளிநாட்டில் கம்ப்யூட்டரை எண்ணெயில் முழுக வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். சுத்தமான எண்ணெய் கடத்தாது. காற்றைவிட எண்ணெய் சூட்டை நன்றாக வாங்கும். மறுநாள் காலை நான் ராஜவேலுக்கு மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், நல்லெண்ணெய் ஊத்தலாமா?"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். விளக்கிச் சொன்னாள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சூட்டில் சிக்குப் பிடித்து நாறிப்போகும் என்று அவளே படித்துத் தெரிந்து வைத்திருந்தாள். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வாங்கித் தருகிறேன் என்று தெய்வசிகாமணி சொன்னாராம். அந்த வாடையை ராஜவேல் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு முகர முடியாது என்று சொன்னேன். அப்போது என் கையில் இருந்த பாட்டிலை அவள் பார்த்தாள்.

"அது இன்னா எண்ணெய்?"

அது லிக்விட் பாரஃபின். மலம் இளக ராஜவேலுக்கு வாரம் இரண்டு தரம் கொடுப்பேன். நிறம் இல்லை, வாசனை இல்லை, வருஷக்கணக்கில் கெடாது. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் ஊற்றுவதும் கிட்டத்தட்ட இதேதான் என்று கண்டுபிடித்தாள். மருந்து கம்பெனிகளுக்கு விற்கும் கடையில் கேன் கணக்கில் கிடைத்தது. கொஞ்சம் நீர்த்த ரகமாக வாங்கினாள்.

கேன்கள் வந்து இறங்கியபோது ராஜவேல் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு ஸ்பூன். அதுக்கு முப்பது லிட்டரா? அதுக்கு எவ்ளோ நாளா வெளிக்கிப் போகல?"

பாக்கியலட்சுமி சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தாள்.

தொட்டியை அமைக்க ஒரு மாதம் பிடித்தது. எண்ணெயில் ஒருமுறை இறங்கிய பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அதனால் ஒவ்வொன்றையும் வெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினாள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைக்கவில்லை. அதற்கு மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டாம், அது வழியாக எண்ணெய் புகுந்துவிடும். மீன் தொட்டிக்கு வைப்பதுபோல் காற்றுக் குமிழி விட்டால் எண்ணெய் கலங்கிச் சூடு பரவும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று அவள் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். இவள் வேண்டாம் என்றாள். குமிழி விட்டால் உப்புக் காற்றை நாமே உள்ளே ஊதின மாதிரிதானே?

எண்ணெய் மெதுவாகத்தான் சூடேறும், ஏறினால் சுலபத்தில் ஆறாது. அந்தச் சூட்டை வெளியேற்ற வழி வேண்டும். ஒரு சின்ன பம்ப் தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து சூடான எண்ணெயை இழுக்கும். அது சுவரில் போட்ட துளை வழியாக வெளியே போய், கொல்லையில் இருக்கும் சிமெண்டுத் தொட்டித் தண்ணீருக்குள் சுருட்டி வைத்த செம்புக் குழாயில் ஓடி, ஆறித் திரும்பிவரும். இதில் எனக்கும் ஒரு லாபம் கிடைத்தது. கம்ப்யூட்டர் ஓடுகிற நாளில் சிமெண்டுத் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். ராஜவேலைத் துடைத்துவிட அடுப்பில் வெந்நீர் வைக்க வேண்டியதில்லை. முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அவருக்குக் காலில் சுடுவது தெரியாது, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பத்து மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பலகை வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. இணைப்புக் கம்பிகளின் மேலுறை கொஞ்சம் விறைத்துப் போனது, அவ்வளவுதான். ஆனால் கலையரசனுக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னச் சின்ன வேலையாகத்தான் கொடுத்துப் பார்த்தார். போன பங்குனியில்தான் பெரிய வேலை ஒன்றை அனுப்பினார். பொம்மையார்பாளையம் பக்கத்தில் கட்டப்போகும் நாற்பது வீட்டுக் குடியிருப்பு. நாலு நிமிஷ வீடியோ, ஆறாயிரம் படம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கட்டடக்காரர் ஆபீசுக்கு வந்து பார்ப்பார்.

"இது ஒழுங்கா வந்துடுச்சுன்னா நீங்க வீட்லயே இருங்கக்கா, இனிமே நான் கேக்கவே மாட்டேன்" என்றார் போனில். "வரலைன்னா புதன்கிழமைலேர்ந்து ஆபீஸ். சீட்டு ரெடியா இருக்குது. ரெண்டும் முடியாதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். கணக்குப்படி செவ்வாய் காலையில் முடிய வேண்டும்.

சனிக்கிழமை நான் வேலை முடித்துக் கிளம்பும்போது, தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி இருந்தது. தொட்டிக்கு அப்போது மூடி கிடையாது. மேலே கம்பிகளும் குழாயும் போவதால் ஒரு கண்ணாடிப் பலகையைப் பாதிக்கு வைத்திருந்தாள். பல்லி உள்ளே விழுந்தால் அசிங்கம். ராஜவேலுக்குப் பயன்படுத்த நான் கொதிக்க வைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கும் பழைய வேட்டித் துண்டுகளில் பெரியதாக ஒன்றை எடுத்தேன். நாலாக மடித்துத் திறந்திருந்த பாதிமேல் போட்டேன். திறந்து கிடக்கும் எதையும் சுத்தமான துணியால் மூடுவது நாற்பது வருஷப் பழக்கம். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு கோயிலுக்குப் போனேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் நுழையும்போது அறையில் வழக்கமான முணுமுணுப்புச் சத்தம் இல்லை. பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்து தொட்டியின் மூலைகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜவேல் மல்லாந்து கிடந்தார். அவரைப் புரட்ட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"ஏழு மணி இருக்கும் சிஸ்டர். பால் வாங்கப் போயிருந்தேன்."

"நான் அப்பவே போன் பண்ணேன்" என்றார் ராஜவேல். "மோட்டார் காத்து இழுக்குதுன்னு சொன்னேன். இவ உப்பளத்து மோட்டார சொல்றேன்னு நெனச்சுகினு, 'அதுக்கு இன்னா இப்போ'ன்றா."

அவர் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் மோட்டார் போட்டவர். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து வேறு மாதிரி கத்தும். அந்தக் கத்தல் அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. எண்ணெய் மட்டம் மூன்று விரற்கடை இறங்கிவிட்டது. பம்பு இழுக்கும் குழாயின் வாய் எண்ணெய்க்கு மேலே வந்துவிட்டது. எண்ணெய் சுற்றுவது நின்று, சூடு ஏறி, கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

நான் முதலில் ராஜவேலை இடது பக்கம் புரட்டினேன். முதுகைப் பார்த்தேன். லேசான சிவப்பு, அழுத்தினால் மறைந்தது. பரவாயில்லை. பிறகு அவளிடம் வந்தேன்.

"படமெல்லாம் போயிடுச்சா?"

"இல்ல. தீட்டின வரைக்கும் தனித்தனியா பத்திரமா இருக்குது. நாலாயிரத்து எழுநூறு. மிச்சம் ஆயிரத்து முந்நூறு. அதுக்கு இருபத்தாறு மணி நேரம் வேணும். பன்னெண்டு மணிக்குள்ள ஓட ஆரம்பிச்சாதான் நாளைக்கு மூணு மணிக்குள்ள சேத்து அனுப்ப முடியும்."

"அப்ப எண்ணெயை ஊத்தி ஓட்டு."

"மூணரை லிட்டர் கொறையுது, கைல அரை லிட்டர்தான் இருக்குது. அது மட்டும் இல்ல சிஸ்டர். தொட்டி எங்கயோ ஒழுகுது. ஓட்டை தெரியாம ஊத்துனா அதுவும் போயிடும். எல்லாத்தையும் வெளிய எடுத்து, தொட்டியக் காலி பண்ணி, மூலைக்கெல்லாம் புதுசா பசை வெக்கணும். பசை காயவே ஒரு நாள் ஆவும்."

அப்படியென்றால் முடிந்தது என்று அர்த்தம். அவள் அதைச் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுக் கையுறையை மாட்ட ஆரம்பித்தாள். அதுவும் என் பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

மூன்றரை லிட்டர் எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரிய வேண்டுமே என்று நான் பார்த்தேன். எதுவும் இல்லை. அந்த அறைத் தரை சுவரோரம் சரிவாக இருக்கும். ராஜவேலைக் கழுவிவிடும் தண்ணீர் தேங்காமல் மூலை ஓட்டை வழியாக வெளியே போகட்டும் என்று நான்தான் அப்படிப் பூசச் சொன்னேன். தொட்டி வைத்த மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மேசைக்கும் சுவருக்கும் இடையில் என் வேட்டித் துணியின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எண்ணி ஒன்று, இரண்டு என்பதற்குள் அடுத்த சொட்டு. கீழே சுவரோரமாக ஈரக் கோடு ஒன்று மூலை ஓட்டைக்குப் போனது. துணியின் இன்னொரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய்க்குள் நாலு விரல் ஆழம் முழுகிக் கிடந்தது.

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது தெரியாதவர் உண்டா? நான் நாலு மடிப்பில் ஒரு பெரிய திரியைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். அது சனிக்கிழமையிலிருந்து இழுத்து இழுத்து வெளியே விட்டிருக்கிறது.

"பாக்கியம், தொட்டி ஒழுகல" என்றேன். "நான் போட்ட துணி இழுத்துடுச்சு. தப்பு என்னுது."

அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"நேத்தே பார்த்தேன் சிஸ்டர், இந்தத் துணிய. நீங்க போட்டதாச்சேன்னு கை வெக்கல."

"வெச்சிருக்கணும்."

"இந்த ரூம்ல உங்க துணி மேல யாரு கை வெப்பா?" என்றார் ராஜவேல் கட்டிலிலிருந்து. "நானே உங்களக் கேட்டுத்தான் தும்முறேன்."

துணியை எடுத்து வாளியில் போட்டேன். நேரம் ஒன்பதே முக்கால். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. அதனால் எண்ணெய் வரப்போவதும் இல்லை. மரக்காணத்து மருந்துக் கடைக்குப் போன் போட்டேன். சின்ன பாட்டில் நாலு இருக்கிறது, அதுவும் நீர்த்த ரகம் இல்லை என்றார்கள். புதுச்சேரியில் அந்தக் கடை பத்தரைக்குத்தான் திறக்கும். கேனை பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொன்னாலும் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். வாளியில் இருந்த துணியைப் பிழிந்து வடிகட்டலாமா என்று கேட்டேன்.

"வேணாம். அது செவுத்துலயும் தரையிலயும் தொட்டுக்கினு கெடந்தது. நம்ம ஊரு செவுத்துல இல்லாத உப்பா?"

இழுக்கும் குழாயைக் கீழே இறக்க முடியாதா என்று கேட்டேன். அதைத் திருகி மாட்டியிருக்கும் பலகையைக் கழற்றினால் பாதிப் பொருளையும் கழற்ற வேண்டும் என்றாள். மேலும் படம் தீட்டும் கார்டு ஒன்றின் மேல் விளிம்பு எண்ணெய்க்கு வெளியே நின்றது. மட்டம் ஏறாமல் எதுவும் நடக்காது.

அப்போதுதான் கலையரசன் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஓடுதா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு மூணு மணிக்கு வந்துடும்" என்றாள்.

"அதான் கேக்கறேன், ஓடுதா?"

"வந்துடும்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"எண்ணெய் எவ்ளோ கொறையுது?" என்று ராஜவேல் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"மூணு லிட்டர்."

"எண்ணெயே தேடிக்கினு இருந்தா எப்டி? பாத்திய சின்னது பண்ணு."

பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணி பத்தலைன்னா நாங்க இன்னா பண்ணுவோம்? தண்ணி வரட்டும்னு கைய கட்டிக்கினா நிப்போம்? வரப்ப உள்ள தள்ளிப் போட்டு பாத்திய சின்னது பண்ணிடுவோம். இருக்கற தண்ணி மட்டம் ஏறிக்கும். உங்கப்பன் பண்ணதுதானடி. உனக்குத் தெரியாதா?"

மூன்று லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ள உள்ளே எதையாவது வைத்தால் மட்டம் தானாக ஏறும். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். எதை வைப்பது? காலி பாட்டில் மிதக்கும். இரும்பு வைக்க முடியாது, மின்சாரம். மரம் எண்ணெயைக் குடிக்கும். கருங்கல் தூசு விடும். நான் சமையலறையில் பீங்கான் தட்டு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அவள் கொல்லைக்குப் போனாள். ராஜவேலின் சக்கர நாற்காலி நுழைவதற்காகக் கழிவறையைப் பெரிதாக்கியபோது மிச்சமான தரை டைல்ஸ் ஐந்து, அட்டைப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி, கனமானவை, தண்ணீர் இழுக்காத ரகம். ஒன்றின் நீள அகலத்தையும் கனத்தையும் அளந்து பெருக்கினாள்.

"ஒரு டைல்ஸுக்கு முக்கா லிட்டர் கிட்ட வரும். நாலு வெச்சாலே போதும், அரை லிட்டர் கைல இருக்குது."

கழுவலாமா என்றால் வேண்டாம் என்றாள், ஈரம் ஆகாது. புது மருத்துவப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் முன்னும் பின்னும் ஓரமும் நான் துடைத்தேன். ஸ்பிரிட் தொட்டு இரண்டாம் தடவை துடைத்தேன். அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் சூடு காட்டி ஈரத்தை ஓட்டினாள். ஆறட்டும் என்று கால் மணி நேரம் வைத்தோம். அந்தக் கால் மணி நேரத்தில் நான் ராஜவேலைத் துடைத்து முடித்தேன். கொல்லைத் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு டைல்ஸை இறக்கினோம். நான் மேலிருந்து கொடுக்க, அவள் கையுறை போட்ட கையைத் தோள்பட்டை வரை எண்ணெய்க்குள் விட்டு, தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி ஒன்றன்முன் ஒன்றாக நிற்க வைத்தாள். பலகைமேல் சாயக் கூடாது. எண்ணெய் போகிற வழியையும் அடைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் இறங்கும்போது எண்ணெய் ஏறியது. நாலாவது இறங்கியதும் குழாயின் வாய் மூடியது. அரை லிட்டரையும் ஊற்றினாள்.

"ஓட்டிப் பாரு" என்றார் ராஜவேல். அவர் படுத்திருந்த பக்கத்திலிருந்து தொட்டி தெரியாது.

பம்பைப் போட்டாள். முதலில் கரகரவென்று கத்தியது. கொல்லைக் குழாயில் காற்று சிக்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் ராஜவேலைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கிப் பொறு என்றார். இரண்டு நிமிஷம் போல் இருக்கும். கத்தல் அடங்கி முணுமுணுப்பானது.

"புடிச்சிடுச்சு" என்றார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாலாயிரத்து எழுநூற்றொன்றாவது படம் தீட்டத் தொடங்கியது. நான் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம் இருந்துவிட்டதால், கிளம்பும் முன் ராஜவேலை இன்னொரு தரம் புரட்டிவிட்டே போனேன்.

மறுநாள் காலை ஒன்பதுக்குப் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி முகத்தில் தூக்கம் இல்லை. கேட்டதற்கு, "பல்லி பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். அது எனக்கான குத்து. வாங்கிக்கொண்டேன். இரண்டு மணிக்குக் கடைசிப் படம் முடிந்ததாம். சேர்த்து, இரண்டே முக்காலுக்கு அனுப்பினாள். நான் அப்போது என் வீட்டில் இருந்தேன். "போயிடுச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை போனில் அனுப்பியிருந்தாள்.

புதன் காலை அவளிடம் கலையரசன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அந்தக் கட்டடக்காரருக்கு மரமெல்லாம் இன்னும் பச்சையா வேணுமாம். அந்த எடத்துல மட்டும் திருப்பிப் போடணும். ரெண்டு நாள் வேலை."

"அது இருக்கட்டும். ஆபீசு?"

"அந்த சீட்டுல வேற ஒரு பொண்ண உக்கார வெச்சுட்டாராம். பில்லு போடறதுக்கு."

சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

இப்போது தொட்டிக்கு ஒரு மூடி இருக்கிறது. கம்பிகளுக்கும் குழாய்க்கும் மட்டும் ஓட்டை போட்டு, கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கினாள். குறைந்த எண்ணெயைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்துவிட்டாள். டைல்ஸை எடுத்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். பழைய மட்டத்தைவிட ஒரு விரல் மேலேயே இருக்கட்டும், மீதி எண்ணெய் கேனில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணெய்க்குள் கழிவறை டைல்ஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். "வரப்பு" என்று ராஜவேல் பதில் சொல்கிறார்.

மூடியின்மேல் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். 'துணி போடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. எனக்குத்தான். என் வேட்டித் துண்டுகளை இப்போது கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைக்கிறேன். ராஜவேலின் முதுகில் இந்த வாரமும் சிவப்பு இல்லை.